கண்ணாடிக்குப் பின்னால் அடுக்களை

1

ஊரில் இருக்கிற உங்களிடம் சொன்னால் சிரிப்பீர்கள். என் மகள் அபிஷாவின் அடுக்களை ஓர் அலமாரிக்குள் இருக்கிறது.

பேச்சுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே அலமாரிதான். சுவரோடு சுவராக, ஆளுயரக் கண்ணாடி பதித்த இரண்டு கதவுகள். தள்ளினால் உள்ளே கரண்டு அடுப்பு, பக்கத்தில் ஒரு சோற்றுப்பானையைக்கூட ஒழுங்காகக் கழுவ முடியாத தொட்டி, மேலே தட்டுகள், கீழே குட்டி ஃபிரிட்ஜ். சமைத்து முடித்துக் கதவைச் சாத்தினால் அடுக்களை மாயமாகிவிடும். கண்ணாடியில் நம் மூஞ்சிதான் தெரியும். முதல் தடவை போனபோது, "அடுக்களை எங்கட்டி?" என்று கேட்டுக்கொண்டே வீட்டைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினேன். சுற்ற வீடு என்று ஒன்று இருந்தால்தானே! நின்ற இடத்தில் ஒரு தடவை திரும்பினேன், சுற்றி முடிந்தது.

துபாயில் இதற்கு ஸ்டுடியோ என்று பெயர். நம்மூரில் ஸ்டுடியோ என்றால் கல்யாண போட்டோ எடுக்கிற இடம். இங்கே கல்யாணம் முடித்தவர்கள் குடியிருக்கிற இடம். ஒரே அறை. அதில் சோபாவை இழுத்தால் கட்டில். சுவரில் தொங்குகிற பலகையை இறக்கினால் சாப்பாட்டு மேசை. ஸ்டூலின் மூடியைத் தூக்கினால் உள்ளே இஸ்திரிப்பெட்டி. அந்த வீட்டில் எந்தச் சாமானுக்கும் ஒற்றை வேலை கிடையாது, வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பவள் நான் ஒருத்திதான்.

அபிஷாவுக்கு ஒரு சட்டமும் உண்டு. "ஒண்ணு உள்ள வந்தா ஒண்ணு வெளிய போகணும்மா." நான் ஆசையாக வாங்கிப்போன இட்லிக் கொப்பரைக்குப் பதிலாக எதை வெளியே போடுவது என்று யோசித்து, கடைசியில் இட்லிக் கொப்பரையையே வெளியே போட்டாள். அது இப்போது ஷார்ஜாவில் என்னிடம்தான் இருக்கிறது.

இடம் இல்லாததெல்லாம் எனக்கு ஒரு குறையே இல்லை. நானும் அப்படிப் பிழைத்தவள்தான். என்னை அரித்தது வேறு. இரண்டு வருடமாக அந்த அடுக்களையை முறைப்படி யாரும் காணவில்லை.

மணவாளக்குறிச்சிப் பக்கம் பெண் கொடுத்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கல்யாணம் முடிந்தால் பெண் வீட்டார் ஒரு நாள் பார்த்து 'அடுக்களை காண' போகவேண்டும். வேன் பிடித்து, அண்டாவும் செம்பும் உருளியும் ஏற்றிக்கொண்டு போவார்கள். பெண்ணின் தாய்மாமன்தான் முன்னால் நடக்கவேண்டும். பெண் சமைக்கப்போகிற அடுக்களையைக் கண்ணால் கண்டு, கொண்டுபோன பாத்திரத்தை இறக்கிவைத்து, அங்கே ஒரு வாய் சாப்பிட்டுத் திரும்பினால் சம்பந்தம் உறுதி. காணாமல் விட்டால், பெண் வீட்டார் அந்தக் கல்யாணத்தை ஒப்புக்கொள்ளவில்லை என்று ஊர் எடுத்துக்கொள்ளும்.

அபிஷாவிடம் இதை விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அடுக்களையை எதுக்கும்மா வந்து பாக்கணும்? இன்ஸ்பெக்‌ஷனா?" என்றாள். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. முனிசிபாலிட்டிக்காரன் ஹோட்டல் சமையலறையைச் சோதிக்க வருகிற மாதிரி நினைத்துக்கொண்டாள்.

அவள் கட்டியிருப்பது கல்கத்தாப் பையன். அர்ணப் என்று பெயர். அவள் வேலை பார்க்கிற இடத்திலேயே வேலை. தங்கமான பிள்ளை, எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் என் அண்ணன் வைகுண்டமணி கல்யாணத்துக்கு வரவில்லை. தாய்மாமன் வராத கல்யாணம். அவனுக்கு மணவாளக்குறிச்சிக் கடைத்தெருவில் பாத்திரக்கடை. சுற்றுவட்டாரத்தில் யார் வீட்டில் அடுக்களை காணப் போனாலும் அவன் கடைப் பாத்திரம்தான் வேனில் ஏறும். ஊருக்கெல்லாம் உருளி விற்கிறவன் சொந்த மருமகளின் அடுக்களையைக் காணாமல் கல்லாவில் உட்கார்ந்திருந்தான்.

கோபத்துக்குக் காரணம், அபிஷாவைத் தன் மகனுக்குக் கேட்கவேண்டும் என்று அவன் மனசுக்குள் வைத்திருந்தான். வாயைத் திறந்து கேட்கவும் இல்லை. அந்த மகன் வேறு நல்ல பெண்ணைக் கட்டி, குழந்தையும் பெற்று, எங்களுக்கு வாட்ஸ்அப்பில் தினமும் போட்டோ அனுப்புகிறான். மகனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, அண்ணனின் கோபம்தான் கரையேறாமல் நின்றது.

2

எங்கள் வீட்டு சோபாவைப் பற்றியும் சொல்லவேண்டும். அது இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை.

நான் ஷார்ஜாவுக்கு வந்த புதிதில் நாங்களும் ஒற்றை அறையில்தான் இருந்தோம். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஆள் நடக்க வேண்டுமென்றால் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். யாராவது வந்தால் படுக்க ஒரு பாய் வேண்டுமே என்று தெருமுனைக் கடைக்குப் போனேன். என் வீட்டுக்காரர் ஏசி ரிப்பேர் கம்பெனியில் வேலை, பகலில் இருக்கமாட்டார். எனக்கு இந்தி சுத்தமாகத் தெரியாது. கடைக்காரரிடம் "பாய்" என்றேன். அவர் "ஜீ" என்றார். நான் மறுபடி "பாய்" என்றேன். அவர் இன்னும் பணிவாக "ஜீ, ஜீ" என்றார். இந்தியில் பாய் என்றால் அண்ணன் என்பது பிறகுதான் தெரிந்தது. இந்த ஊரில் பார்க்கிறவர்களெல்லாம் பாய்தான், படுக்கிற பாய்தான் கிடைக்காது. நான் விரல் நீட்டித் தரையைக் காட்டி, கையைத் தலைக்கு வைத்து உறங்குகிற மாதிரி காட்டினேன். அவர் பதறிப்போய் ஒரு கசேரையை இழுத்துப்போட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். மயக்கம் வருகிறது என்று நினைத்துவிட்டார், பாவம்.

அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் யாரோ ஊருக்குத் திரும்புகிறவர்களிடம் வாங்கிவந்ததுதான் அந்த சோபா. பகலில் சோபா, ராத்திரியில் கட்டில். காப்பிக்கொட்டை நிற ரெக்சின். விரித்தால் நடுவில் ஓர் இரும்புக் கம்பி, படுக்கிறவர்களின் நடுமுதுகில் சரியாக வந்து முட்டும். மேலே மெத்தை போட்டாலும் முட்டும், மெத்தையை மடித்துப் போட்டாலும் முட்டும். தலைமாடு கால்மாடு மாற்றிப் படுத்தாலும் விடாது.

வேலை தேடி வந்த நம்மூர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் அதில் படுத்தார்கள் என்று எனக்கே தெரியாது. குளச்சலில் இருந்து, தேங்காப்பட்டணத்தில் இருந்து, மண்டைக்காட்டில் இருந்து என்று வந்துகொண்டே இருந்தார்கள். அல்லாவைத் தொழுதவரும் எங்களைப்போல அய்யாவைக் கும்பிட்டவரும் அதே கம்பியில்தான் முதுகை வைத்தார்கள். அந்தக் கம்பியால் ஒரு நன்மையும் உண்டு. யாரும் அதிக நாள் தங்கமாட்டார்கள், சீக்கிரம் வேலை தேடிக்கொள்வார்கள். ஊரில் கல்யாண வீடுகளுக்குப் போனால் வழுக்கை விழுந்த பெரிய மனுஷர்கள் பந்தியில் இருந்து எழுந்து வந்து, "அக்கா, அந்தக் கம்பி இன்னும் கெடக்கா?" என்று கேட்பார்கள். எங்கள் சுகத்தை விசாரிப்பது அதற்குப் பிறகுதான்.

படுக்கையறை, கூடம், தனி அடுக்களை என்று பெரிய வீட்டுக்கு மாறினபோதும் சோபா கூடவே வந்தது. "இதைத் தூக்கிப் போடுவோம்" என்று இவர் சொல்வார். "அடுத்த மாசம் பாப்போம்" என்பேன் நான். பல அடுத்த மாதங்கள் போய்விட்டன.

3

அண்ணன் ஒரு நாள் போன் செய்தான். கடையை மகன் பார்த்துக்கொள்கிறான், சும்மா இருந்தால் பைத்தியம் பிடிக்கிறது என்றான். "அப்படின்னா இங்க வா அண்ணே" என்றேன்.

"வாறேன். ஒன்னையப் பாக்கத்தான் வாறேன், கேட்டியா? அவ வீட்டு அடுக்களைக்குள்ள நான் காலு வைக்கமாட்டேன். இதை இப்பமே சொல்லிப்போட்டேன்."

"வந்து சேருகதுக்கு முன்னாலயே சட்டமா? நீ மொதல்ல வா."

விசாவுக்கு டைப்பிங் சென்டருக்குப் போனோம். அங்கே ஒரு சிக்கல். அண்ணனுக்கு ஒரே பெயர், வைகுண்டமணி, அவ்வளவுதான். முன்னால் ஓர் எழுத்து இருக்கும். கம்ப்யூட்டருக்கு அது போதாதாம், இரண்டாவது பெயர் வேண்டுமாம். "முழுப்பெயர் என்ன?" என்று டைப் அடிக்கிற பையன் கேட்கிறான். "இதான் முழுப்பேரு. எவ்வளவு நீளம் பாரு, இதுக்கு மேல எங்க போக?" என்கிறேன் நான். கடைசியில் எங்கள் அப்பா பெயர் சுயம்புலிங்கத்தை இரண்டாவது கட்டத்தில் போட்டு அடித்தான்.

அதன் பலன் ஏர்போர்ட்டில் தெரிந்தது. சக்கர நாற்காலி தள்ளுகிற பெண் "மிஸ்டர் சுயம்பு" என்று கூப்பிட்டிருக்கிறாள். அண்ணனுக்கு மூட்டுவலி, நாற்காலி கேட்டு வைத்திருந்தோம். இவன் அசையவே இல்லை. அவள் மறுபடி கூப்பிட, எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறான். வெளியே வந்ததும் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "ஏட்டி லீலா, செத்துப்போன நம்ம அப்பனை இஞ்ச ஒரு பெண்பிள்ளை பேரு சொல்லிக் கூப்பிடுகா. எனக்குத் திக்குன்னு ஆயிட்டு."

அவன் பெட்டியை இவர் தூக்கப் போனார், தூக்க முடியவில்லை. "உள்ள என்ன மச்சான், அம்மிக்கல்லா?" என்றார். "கடைச் சாமான். நீரு தொடாதேயும்" என்று அண்ணன் அதைத் தன் காலுக்கடியில் வைத்துக்கொண்டான். வீட்டுக்கு வந்த பிறகும் திறக்கவில்லை. சின்னப் பையில் இருந்துதான் மாற்று வேட்டி எடுத்தான். எனக்குத் தின்ன நேந்திரங்காய் உப்பேரியும் முந்திரிக்கொத்தும் அந்தச் சின்னப் பையில் இருந்துதான் வந்தன.

எங்கள் கட்டிலில் படுக்கச் சொன்னேன். "மச்சானைத் தரையில போட்டுட்டு நான் கட்டில்ல படுக்கவா? கொள்ளாம் நல்ல கதை" என்று மறுத்துவிட்டான். தரையில் படுத்தால் மூட்டுவலியில் எழுந்திருக்க முடியாது. மிச்சம் இருந்தது சோபாதான்.

முதல் நாள் காலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு டீ குடித்தான். மறுநாள் காலையில் அவனால் நிமிரவே முடியவில்லை. வளைந்தபடியே நின்று, "ஏட்டி, இதுக்குள்ள என்னதை வச்சிருக்க? தண்டவாளமா?" என்று கேட்டான்.

அபிஷாவிடம் போனில் இதைச் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "எங்க சோபா பெட்ல கம்பி கிடையாதும்மா. நல்ல மெத்தை. மாமாவை இங்க கூட்டிட்டு வா. நான் கண்ணாடிக் கதவை மூடியே வச்சிருக்கேன். சாப்பாட்டை உன் வீட்டுலயே செஞ்சு கொண்டு வா. அடுக்களை அவர் கண்ணுலயே படாது. அவர் சொன்ன சொல்லும் நிக்கும், முதுகும் நிக்கும்" என்றாள்.

தன் மாமன் தன் அடுக்களையைக் காணமாட்டேன் என்கிறான், இவள் அவனுடைய வீம்புக்கும் சேர்த்து மெத்தை போடுகிறாள். இந்தப் பிள்ளைகள் நம்மைவிட்டு விலகிப் போகிறார்கள் என்று நாமெல்லாம் கட்டுரை கட்டுரையாக எழுதுகிறோம். எங்கே விலகினார்கள்? நாம் பார்க்கிற பக்கத்தில் இல்லை, அவ்வளவுதான்.

4

முதுகுவலியில் அண்ணன் ஒரு ராத்திரிக்கு மட்டும் என்று ஒத்துக்கொண்டான், கூட்டிக்கொண்டு போக அர்ணப் காரோடு வந்தான். வாசலில் நின்று, "மாமா, வாங்க" என்றான்.

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "யாருட்டி இவனுக்கு மாமான்னு சொல்லிக்குடுத்தது? நீயா?"

"யாரும் சொல்லிக்குடுக்கல்ல அண்ணே. அவிய பாஷையிலயும் அம்மைக்கக் கூடப்பொறந்தவன் மாமாதானாம்."

"நெசமாவா?"

"நெசந்தான். 'வாங்க'தான் இவன் படிச்ச தமிழு. மாமா அவனுக்க சொந்தம்."

காரில் ஏறும்போது, ஒரே ராத்திரி தங்கப் போகிற அண்ணன், அந்தக் கனத்த பெட்டியையும் ஏற்றச் சொன்னான். "அதை எதுக்கு அண்ணே?" என்றேன். "கெடக்கட்டும். வீடு திறந்து கெடக்கும்" என்றான். எங்கள் வீடு என்றைக்குத் திறந்து கிடந்தது?

அபிஷா கதவைத் திறந்ததும் அண்ணன் வாசலில் நின்று உள்ளே எட்டிப்பார்த்து, "வீடு எங்க மக்கா?" என்று கேட்டான்.

"இதான் மாமா."

"செரி. இது முன்னறை. வீடு எங்க?"

"இதுதான் எல்லா அறையும் மாமா. வந்து உக்காருங்க."

சோபாவில் உட்கார்ந்தான். இரண்டு கையாலும் அமுக்கிப் பார்த்தான். கம்பியைத் தேடுகிறான் என்று தெரிந்தது. அர்ணப் புரிந்துகொண்டு, சோபாவை இழுத்துக் கட்டிலாக்கிக் காட்டினான், அதன் அடியிலேயே பொருத்தியிருந்த பெட்டியையும் திறந்தான். தலையணையும் போர்வையும் அடுக்கியிருந்தன. அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது.

"ஏட்டி, இது பத்தாயம்லா!"

பத்தாயம் என்றால் நெல் போட்டுவைக்கிற பெரிய மரப்பெட்டி. எங்கள் அப்பா அதன் மூடிமேல்தான் படுத்து உறங்குவார். நெல்லுக்குக் காவலும் ஆயிற்று, கட்டிலும் ஆயிற்று. "நம்ம அப்பன் அடியில நெல்லைப் போட்டு மேல படுத்தாரு. இவிய அடியில தலவாணியைப் போட்டு மேல படுக்காவ. நாம ஒண்ணும் முன்னேறல்ல கேட்டியா" என்று சொல்லிச் சிரித்தான். நான் அவன் சிரித்துப் பார்த்து நாளாயிற்று. அபிஷா சுவரில் இருந்து மேசையை இறக்கியதும் இன்னும் குஷி. அதை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, கீலை ஆராய்ந்தான். பிளாஸ்க்கில் இருந்து டீ வந்தது, தூக்குச்சட்டியில் இருந்து என் வீட்டுப் பலகாரம் வந்தது. டீ எங்கே போட்டது என்று அவன் கேட்கவில்லை. ஆனால் கண் மட்டும் மூலை மூலையாகப் போய்வந்தது. கண்ணாடிக் கதவு சாத்தியே இருந்தது.

சாயங்காலம் ஆனதும் முகம் கைகால் கழுவிவந்தான். நெற்றியில் நாமம் இட்டான், துண்டை உதறித் தலைப்பாகை கட்டினான். நாங்கள் அய்யாவழிக்காரர்கள். எங்கள் கோயிலான பதியில் விக்கிரகம் கிடையாது, கண்ணாடி முன்னால் நின்று கும்பிடுவோம். ஆண்கள் தலைப்பாகை கட்டித்தான் நிற்கவேண்டும். என் வீட்டில் இருக்கிற கண்ணாடி ஒரு சாண் அளவு, அதில் அவன் மூக்கு மட்டும்தான் தெரிந்தது என்று இரண்டு நாளாகக் குறைப்பட்டுக்கொண்டிருந்தான். இங்கே ஆளுயரக் கண்ணாடியைப் பார்த்ததும், "ஏயப்பா, பதியில கூட இவ்வளவு பெருசு இல்லியே!" என்று நேராக அதன் முன்னால் போய் நின்றுவிட்டான்.

நானும் அபிஷாவும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

அர்ணப் என்ன நினைத்தானோ, முகம் துடைக்கிற பூத்துண்டை எடுத்து, அதே மாதிரி தலையில் சுற்றிக்கொண்டு அண்ணனுக்குப் பின்னால் போய் நின்றான். கட்டத் தெரியவில்லை, ஒரு முனை காதில் தொங்கியது. கண்ணாடியில் இரண்டு தலைப்பாகைகள் தெரிந்தன. அண்ணன் கண்ணாடி வழியாகவே அவனைப் பார்த்தான். கும்பிட்டு முடித்து, "அய்யா உண்டு" என்றான். அர்ணப்பும் "அய்யா உண்டு" என்றான். அண்ணன் திரும்பி, அந்தத் தொங்குகிற முனையை எடுத்துச் சொருகிவிட்டான்.

இத்தோடு நின்றிருந்தால் அவன் சட்டம் பிழைத்திருக்கும். தலைப்பாகையை அவிழ்த்தவன், துண்டைத் தொங்கப்போட ஒரு கொக்கி தேடினான். கண்ணாடி வைத்தது அலமாரிதானே, உள்ளே கம்பி இருக்கும் என்று கையை வைத்துத் தள்ளினான்.

"அண்ணே, அது..." என்றேன். கதவு வழுக்கிக்கொண்டு போய்விட்டது.

அடுப்பு. தொட்டி. தட்டில் அடுக்கிய கிண்ணங்கள். பாட்டிலில் ஊரில் இருந்து வந்த மிளகு. மூலையில் கழுவாமல் விட்ட ஒரு காப்பிக் கோப்பை. எல்லாம் பளிச்சென்று விளக்கு எரிய நின்றன. கதவு திறந்தால் தானே எரிகிற விளக்கு, அது வேறு.

"இது என்னதுட்டி?"

"அடுக்களை மாமா" என்றாள் அபிஷா. "நீங்க பாக்கமாட்டேன்னு சொன்னீங்கன்னு மூடி வச்சிருந்தேன். சாரி மாமா."

அண்ணன் துண்டைக் கையில் பிடித்தபடி நின்றான். நான் பொறுக்கமாட்டாமல் சொல்லிவிட்டேன்: "கண்டாச்சு அண்ணே! அடுக்களை கண்டாச்சு!"

"நீ கொஞ்சம் வாயைப் பொத்தி மிண்டாம இரி." அவன் அடுப்பையும் தொட்டியையும் பார்த்தான், தன் காலைப் பார்த்தான். "நான் என்ன சொன்னேன்? அடுக்களைக்குள்ள காலு வைக்கமாட்டேன்னுதானே? இதுக்குள்ள காலை எங்க கொண்டு வைக்க? கையே கொள்ளாது." பிறகு அபிஷாவிடம் திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னான். "அய்யாவைக் கும்பிட்ட எடத்துக்குப் பொறத்தால சோறு வச்சிருக்க மக்கா. அதுல ஒரு குத்தமும் இல்ல."

கொஞ்சம் கழித்து அர்ணப்பிடம் பெட்டியைக் காட்டினான். "அதை இஞ்ச கொண்டா."

5

பெட்டிக்குள் இரண்டு வேட்டிகளில் சுற்றி, நடுவே வைக்கோல் அடைத்து, ஒரு வெண்கல உருளி. அகல வாய், இரண்டு பக்கமும் காது. அண்ணனே வெளியே எடுத்து, சுவர் மேசையில் வைத்தான். மேசை ஒரு முனகு முனகியது.

"கடைச் சாமான்னுல்லா சொன்ன?" என்றேன்.

"கடையில இருந்துதானே எடுத்தேன்?"

நம்மூர் வழக்கப்படி விளிம்பில் பெயர் வெட்டியிருந்தது. அபிஷாவுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். நான்தான் சின்ன வயதில் அடித்து உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். விரலை வைத்து வாசித்தாள். "அபி... ஷா. அரு... ணப்... பன். அருணப்பன்." நிமிர்ந்தாள். "அருணப்பனா?"

நான் குனிந்து பார்த்தேன். சந்தேகமே இல்லை. அபிஷா - அருணப்பன். அடுக்களை காணல். மாமன் வைகுண்டமணி.

அபிஷாவுக்குச் சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. அண்ணனுக்குப் புரியவில்லை. "என்னட்டி சிரிப்பு? எழுத்து தப்பா?"

"அண்ணே, பேரு அர்ணப்பு. அருணப்பன் இல்ல."

அவன் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும். உருளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், வெண்கலத்தில் வெட்டினது அழியுமா? "நீதானே போன்ல சொன்ன? கல்யாணம் முடிஞ்ச அன்னைக்கு ஒரே ஒரு தடவை சொன்ன. அருணப்புன்னு என்னமோ காதுல விழுந்து. அப்பன்னு முடிச்சாத்தானே ஒரு பேரு நிக்கும்னு அந்த வாரமே ஆசாரிகிட்டக் குடுத்து வெட்டினேன்."

"அந்த வாரமேயா? ரெண்டு வருசமாவா இது கடையில கெடந்து?"

"பரண்ல கெடந்து."

"பேரு செரிதானான்னு எனக்கிட்ட ஒரு வார்த்தை திரும்பக் கேட்டிருக்கலாம்லா அண்ணே?"

"எப்பிடிட்டி கேக்க?" அண்ணனுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "நான் கோவத்துலல்லா இருந்தேன்!"

நான் அழுதுவிட்டேன். சிரிப்பும் நிற்கவில்லை, அழுகையும் நிற்கவில்லை. மூக்கைத் துடைக்க அண்ணன் கையில் இருந்த துண்டைத்தான் பிடுங்கினேன். இரண்டு வருடம் போனில் இவனிடம் அபிஷா பெயரை எடுக்கவே பயந்து, மழையையும் மீன் விலையையும் பேசிக்கொண்டிருந்தேன். இவன் அங்கே பரணில் இவர்கள் பெயரை வெட்டி வைத்துக்கொண்டு, அதே மழையை எனக்குத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அர்ணப்புக்கு ஒன்றும் புரியவில்லை. விளிம்பைத் தடவிப் பார்த்து, மனைவியிடம் கேட்டுக் கேட்டு ஒரு தமிழ் வாக்கியம் சேர்த்தான். "யாரு மாமா அருணப்பன்?"

அண்ணன் அவன் தோளில் கையை வைத்தான். "நீதான் மக்கா."

அதற்குப் பிறகு உருளியில் பாயசம் வைக்கவேண்டும் என்றான். அடுக்களை கண்டால் இனிப்பு உண்டு. இங்கே இன்னொரு வேடிக்கை. அந்தக் கரண்டு அடுப்பு காந்தம் ஒட்டுகிற பாத்திரத்தைத்தான் சூடாக்கும், வெண்கலத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அண்ணன் உருளியை வைத்துக் குனிந்து குனிந்து பார்த்தான். "தீயும் இல்ல, புகையும் இல்ல, இப்பம் சூடும் இல்லியா? பின்ன இது எதுக்கு அடுப்புன்னு பேரு வச்சுக்கிட்டு இருக்கு?" கடைசியில் அபிஷாவின் எவர்சில்வர் சட்டியில் சேமியா பாயசம் வைத்து, கொதிக்கக் கொதிக்க உருளியில் ஊற்றினோம். ஊற்றியதும் அது உருளிப் பாயசம் ஆகிவிட்டது. கல்கத்தாக்காரர்களுக்கு இனிப்பு என்றால் உயிர் என்பதை அன்றைக்குக் கண்ணால் கண்டேன்.

உருளிக்கு இடம்? அபிஷாவின் சட்டம் இருக்கிறதே. அலமாரி அடுக்களையை ஏற இறங்கப் பார்த்தாள். காப்பி போடுகிற பெரிய மெஷினின் பிளக்கை உருவி, இரண்டு கையாலும் தூக்கி என் மடியில் வைத்தாள். "இது உனக்கும்மா." கல்யாணத்துக்கு ஆபீஸ் சிநேகிதர்கள் எல்லாரும் சேர்ந்து வாங்கிக்கொடுத்த மெஷின் அது. இப்போது என் வீட்டு ஜன்னலில் இட்லிக் கொப்பரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. எனக்கு அதில் பட்டன் எது என்று இன்னும் தெரியாது.

6

அண்ணன் ஒரு ராத்திரிக்கு என்று போனவன், ஊர் திரும்புகிற நாள்வரை அபிஷா வீட்டிலேயே இருந்துவிட்டான். அந்த ஒற்றை அறையில் மூன்று பேர் எப்படிப் படுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. மேசையை மடக்கி, ஸ்டூலைத் தள்ளி, தரையில் மெத்தை போட்டு எப்படியோ படுத்திருக்கிறார்கள். காலையில் முதலில் எழுந்து சோபாவை மடக்குவது அண்ணனின் வேலையாம். அதில் வேறு யாரையும் கைவைக்க விடவில்லையாம்.

"இப்பவாவது நம்ம சோபாவைத் தூக்கிப் போடலாமா?" என்று இவர் கேட்டார். நான் முறைத்த முறைப்பில் பேச்சை மாற்றிவிட்டார். இரண்டு வருடமாக நான் அழுதும் கெஞ்சியும் நடக்காத காரியத்தை இரண்டே ராத்திரியில் முடித்துக்கொடுத்த கம்பி அது. அது இருக்கிற இடத்தில் இருக்கட்டும். பத்து ஆள் வேலை பார்த்த கம்பியை யாராவது குப்பையில் போடுவார்களா?

வெள்ளிக்கிழமை மதியம் மகளும் மருமகனும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார்கள். போன வெள்ளிக்கிழமை கை கழுவினதும் அர்ணப் தன் போனை எடுத்து, அந்த சோபாவில் கம்பிக்கு இந்தப் பக்கமாகத் தள்ளி உட்கார்ந்துகொண்டு, யாருக்கோ அடித்தான். எதிர்ப்பக்கம் பாத்திரங்கள் உருளுகிற சத்தம், யாரோ குடத்துக்கு விலை பேசுகிற சத்தம். பிறகு அண்ணன் கடையில் இருந்தவர்களை அதட்டுகிற குரல் எங்கள் கூடம் முழுக்கக் கேட்டது. "எல்லாரும் கொஞ்சம் மிண்டாம இருங்க. எனக்க மருமவன் பேசுகான்."

இவனுக்கு அவன் பாஷை தெரியாது, அவனுக்கு இவன் பாஷை தெரியாது. என்னத்தைப் பேசப் போகிறார்கள் என்று நானும் அபிஷாவும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம்.

அர்ணப் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"மாமா," என்றான், "அருணப்பன் பேசுகேன்."